அருவாளின் விலை தோய்ச்சலில் இருக்கிறது

பந்தல்குடியைச் சுற்றி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமியில், மழை பொய்த்த ஆண்டுகளில் பலருக்குக் கஞ்சி ஊற்றுவது வேலிக்கருவைதான். வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் கையில் நாலு காசு நிற்கும். மழை பெய்துவிட்டால் கரிசலில் பருத்தி, சோளம், மிளகாய், மல்லி. அப்போது மம்பட்டியும் களைக்கொத்தும் வேலைக்கு வரும். எந்தப் பருவமானாலும் இங்கே மனிதர் கையில் ஓர் இரும்பு இருக்கிறது.

அந்த இரும்பை வாங்கக் கடைக்குப் போகும்போதுதான் குழப்பம் பிடிக்கிறது. நீளமும் எடையும் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு அருவாள்களில் ஒன்றுக்கு மற்றதைப் போல மூன்று மடங்கு விலை. பளபளக்கும் பெயின்ட், கம்பெனி முத்திரை, ரப்பர் பிடி. இந்தக் கூடுதல் காசு எதற்குப் போகிறது?

இந்தக் கேள்விக்கு விடை எனக்குப் பட்டுத் தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நல்ல விலை கொடுத்து ஒரு கோடாலி வாங்கினேன். இரண்டாம் நாளே வேலிக்கருவைத் தூரில் அதன் வாய் மடங்கிவிட்டது. பந்தல்குடிப் பக்கம் ஒரு கொல்லப்பட்டறைக்குத் தூக்கிப் போனேன். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரத்தை எடுத்து வாயில் ஓர் இழுப்பு இழுத்தார்.

"வாழைத்தண்டுல எறங்குற மாதிரி எறங்குது தம்பி. இரும்பு நல்ல இரும்புதான். தோய்ச்சல் இல்லை" என்றார்.

நான் தேடிய விடை அந்த ஒரு சொல்லில் இருந்தது.

கரியும் சூடும்

எஃகு என்பது இரும்போடு சிறிது கரிமம் சேர்ந்தது. கரிமம் 0.25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது சாதா இரும்பு. ஜன்னல் கம்பிக்கும் தகரப் பெட்டிக்கும் ஆகும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் வெட்டும் வாய்க்கு வேண்டிய கடினம் வராது. பட்டறைகளில் அருவாள் அடிக்கப் பழைய லாரியின் வில்லுப் பட்டையைத் தேடி வாங்குவது இதனால்தான். அதில் கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த எஃகு அது.

ஆனால் கரிமம் இருந்தால் மட்டும் போதாது. எஃகு 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் அணுக்கள் வேறு வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன. கரிம அணுக்கள் அந்த அடுக்குக்குள் கரைந்துவிடுகின்றன. அந்த நேரத்தில் சட்டென்று குளிரவைத்தால் கரிமம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இழுபட்டு விறைத்த அந்த அமைப்புக்கு, ஜெர்மானிய உலோகவியலர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று பெயர். கடினம் மிகுந்தது, ஆனால் கண்ணாடிபோல உடையும். ஆகவே மறுபடி மிதமாகச் சூடாக்கி அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் தோய்ச்சல்.

என் கோடாலிக்கு ஆசாரி அதைச் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பட்டறைக்குள் நல்ல இருட்டு. கொல்லப்பட்டறைகள் இப்படி நிழலடைந்து இருப்பதற்குக் காரணம் உண்டு. வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது. உலையில் எரிந்தது வேலிக்கருவைக் கரி. கோடாலி வாய் செக்கச் சிவந்ததும் குறடால் எடுத்து, வாயை மட்டும் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீரில் பிடித்தார். முதுகில் சூடு மிச்சமிருக்கும்போதே வெளியே எடுத்து, ஒரு கல்லால் வாயைத் தேய்த்து வெளுப்பாக்கினார். பிறகு பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகுச் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கியது. வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் படர்ந்தது. அதன் பின்னால் பழுப்பு, அப்புறம் கத்திரிப்பூ ஊதா. ஊதா வாயைத் தொட்ட கணத்தில் முழுக் கோடாலியையும் தொட்டிக்குள் அமிழ்த்தினார்.

அந்த நிறங்கள் அவருடைய தெர்மாமீட்டர். சூடான எஃகின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வளர்கிறது. மழைத் தண்ணீரில் மிதக்கும் டீசல் வானவில் காட்டுவதுபோல, அந்தப் படலத்தின் கனத்துக்கு ஏற்ப ஒளி நிறம் மாறித் தெரிகிறது. 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் மஞ்சள், 260-ஐ ஒட்டிப் பழுப்பு, 280-ஐ ஒட்டி ஊதா, 300-ஐ ஒட்டி நீலம். மஞ்சளிலேயே நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் அடிபட்டால் பல் பெயரும். நீலம் தாண்டிப் போனால் அடி தாங்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். முதுகு மெத்தென்றும் வாய் விறைப்பாகவும் இருக்கும் கோடாலி அதிர்ச்சியை முதுகில் வாங்கிக்கொண்டு வாயால் வெட்டுகிறது.

உலகம் கற்ற பாடம்

தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தி இல்லை. ஈரோடு மாவட்டக் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்திய மூசைகளில் உருவான உருக்கு, 'வூட்ஸ்' என்ற பெயரில் கடல் கடந்து போனது. லண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, 1819-ல் அதைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார். ஆனால் ஐரோப்பியக் கொல்லர்கள் பலரிடம் அந்த உருக்கு சுத்தியல் அடியில் நொறுங்கிப்போனது. கரிமம் மிகுந்த அந்த எஃகைக் குறுகிய சூட்டு எல்லைக்குள்தான் அடிக்க முடியும். அவர்களோ தங்கள் இரும்புக்குப் பழகிய சூட்டில் அடித்தார்கள். உலகின் தலைசிறந்த எஃகும் சூடு தெரியாத கையில் வீணாயிற்று.

அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு ஆலையில் ஃபிரெடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் கண்டது இதன் மறுபக்கம். டங்ஸ்டன், குரோமியம் கலந்த கடைசல் உளி எஃகு அன்றே புழக்கத்தில் இருந்தது. கெட்டுப்போகும் என்று எல்லாரும் பயந்த சூட்டுக்கும் மேலே, உருகும் நிலைக்கு அருகே கொண்டுபோய் அவர்கள் பதப்படுத்தினார்கள். உளி சிவக்கச் சிவக்க இரும்பைச் சீவியது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள். சூட்டை மாற்றியதால் பிறந்த புதுமை அது.

அதே டெய்லர் மண்வாரிகளையும் ஆராய்ந்தார். ஒரு வாரலுக்குச் சுமார் 21 பவுண்டு, அதாவது ஒன்பதரை கிலோ எடை வந்தால் ஒருவர் நாள் முழுக்க அதிக வேலை செய்கிறார் என்று கண்டு, கனமான தாதுவுக்குச் சிறிய வாரி, லேசான சாம்பலுக்குப் பெரிய வாரி என்று பிரித்துக் கொடுத்தார். வேலைக்கு ஏற்ற கருவி என்பதை அளந்து காட்டிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று அது.

மண்ணைப் பார்த்து வாங்க வேண்டும்

நம் ஊருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். கரிசல் மண்ணின் களி நனைந்தால் உப்பி, பசைபோல இரும்பில் அப்பிக்கொள்ளும். மம்பட்டியில் அரைக் கிலோ மண் ஒட்டியிருந்தால், 2,000 முறை தூக்குகிறவர் ஒரு டன் மண்ணை வீணாகச் சுமந்தவராகிறார். துருப்பிடித்துக் குழி விழுந்த மம்பட்டி இலையில் மண் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வழுவழுவென்று தேய்ந்த இலை மண்ணை எளிதில் விட்டுவிடும். ஆகவே கரிசலுக்கு மம்பட்டி வாங்கும்போது இலையின் வழுவழுப்புக்குக் காசு கொடுக்கலாம். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைப்பது அதைவிட மலிவான வழி.

பந்தல்குடியின் சுண்ணாம்புக்கல் சிமென்ட் ஆலைக்குப் போகிறது. அதன் உறவான சுக்கான்கல் காடுகளிலும் கிடக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் சுண்ணாம்புக்கல் 3. அது எஃகை உரசித் தேய்க்காது. ஆனால் ஓங்கிப் போட்ட மம்பட்டி கல்லில் மோதினால், விறைப்பு அதிகமான வாய் பெயரும். செவல் மண்ணில் கதை வேறு. அங்கே கலந்திருக்கும் குவார்ட்ஸ் மணலின் அளவு 7, எஃகைவிடக் கடினம். எவ்வளவு விலை கொடுத்த மம்பட்டியும் அதில் தேயத்தான் செய்யும். செவல்காட்டுக்காரருக்கு, தேய்ந்தபின் காய்ச்சி அடித்து நீட்டிக்கொள்ள முடிகிற கனமான இலைதான் லாபம்.

கூலியோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால்

தமிழ்நாட்டில் 2025-26-ல் நூறு நாள் வேலைக் கூலி நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கூலியில், மழுங்கிய கருவியால் எட்டு மணி நேரத்தில் அரை மணி வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 21 ரூபாய் நட்டம். நல்ல அருவாளுக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, அது 200 நாள் உழைத்தால் நாளுக்கு ஒன்றரை ரூபாய்தான் செலவு. தினமும் வெட்டுகிறவருக்கு நல்ல கருவி மலிவானது. வருஷத்துக்கு நாலு முறை வாழை இலை அறுக்கிறவருக்கு அந்த 300 ரூபாய் வேண்டாத செலவு.

கடப்பாரைக்கு அதிக விலை தேவையில்லை. நுனி மழுங்கினால் பட்டறையில் கூராக்கிக்கொள்ளலாம். மோட்டார் கழற்றும் ஸ்பேனரில் காசு பார்க்கக் கூடாது. மட்டமான ஸ்பேனரின் வாய் விரிந்து நட்டின் மூலையை மழுக்கிவிடும், கையும் வழுக்கும். சுத்தியலும் கல்லுளியும் கண்ணோடு சம்பந்தப்பட்டவை. பதம் தவறிய உளியிலிருந்து தெறிக்கும் சில்லு பார்வையையே பறிக்கும். அங்கே நல்ல தரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட வேண்டும். கொண்டை விரிந்த உளியைத் தேய்த்துச் சீராக்காமல் அடிக்கக் கூடாது.

கடையில் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. கையோடு ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கள். வாயில் இழுத்தால் எளிதாக இறங்கினால் தோய்ச்சல் இல்லை. பிடிக்காமல் வழுக்கினால் விறைப்பு மிகுதி. நாளைக்கு உங்களாலேயே தீட்ட முடியாது. முரண்டு பிடித்துக் கொஞ்சம் இறங்கினால் அது பதமான வாய். சாணை பிடிக்கும் இடத்தில் தீப்பொறியைக் கவனியுங்கள். சாதா இரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடும். கரிமம் உள்ள எஃகின் பொறி மத்தாப்புப்போலக் கிளைவிட்டு வெடிக்கும். மரக் கணையில், அதாவது பிடியில், ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று பாருங்கள். குறுக்கே ஓடினால் என்றாவது ஒருநாள் முறியும்.

பெயின்டும் முத்திரையும் இந்தச் சோதனைகளில் எதற்கும் பதில் சொல்லாது. கம்பெனிக் கருவியில் நல்ல தோய்ச்சல் இருந்தால் அந்த விலை நியாயமானது. உலையின் சூட்டை மீட்டர் வைத்துக் கட்டுப்படுத்தி, ஆயிரம் கோடாலிக்கும் ஒரே பதம் கொடுக்க நல்ல ஆலையால் முடியும். அந்த ஒழுங்கு இல்லாத முத்திரைக்குக் காசு கொடுப்பது ஏமாற்றம். நம் ஊர்ப் பட்டறையில் அதே பதம் பாதி விலைக்குக் கிடைக்கலாம். கிடைப்பது அந்த ஆசாரியின் கண்ணைப் பொறுத்தது.

என் கோடாலி இப்போதும் வேலை செய்கிறது. அதற்குப் பிறகு இரண்டு முறை வாய் தேய்ந்தது. இரண்டு முறையும் அதே உலையில் காய்ச்சி அடித்து வாங்கி வந்தேன். முதலில் கொடுத்த விலையைவிட அந்தக் கூலிதான் அதன் ஆயுளை நீட்டியது. போன முறை போனபோது, "அண்ணாச்சி, புதுசா ஒண்ணு வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் அரத்தை எடுத்து ஓர் இழுப்பு இழுத்தார். "இன்னும் ரெண்டு வெரக்கடை இருக்கு தம்பி, நீட்டித் தாரேன்" என்றார்.