தன்னாட்சி தரும் சுதந்திரமும் அதன் விலையும்

காட்டாங்கொளத்தூரின் எஸ்.ஆர்.எம்., செம்மஞ்சேரியின் சத்தியபாமா, 2010இல் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் தொடங்கப்பட்ட வி.ஐ.டி. வளாகம் எனச் சென்னையின் தென்புறத்தில் பெருகியுள்ள தனியார் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள், சட்டப்படி நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகும். அதாவது, 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ், அக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசால் பல்கலைக்கழகத்துக்கு நிகரானவை என அறிவிக்கப்பட்டவை. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைவுபெற்ற கல்லூரியில் படிப்பவருக்கு அப்பல்கலைக்கழகமே பட்டம் வழங்க, நிகர்நிலை நிறுவனமோ பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் ஆகியவற்றைத் தானே வகுத்து வழங்குகிறது.

இந்தத் தன்னாட்சியை மாணவர் கண்கூடாக உணர்வது பாடப்பதிவு நாளில்தான். வி.ஐ.டி.யின் முறையில், எந்தப் பாடத்தை எந்த ஆசிரியரிடம் எந்த நேரத்தில் படிப்பது என்பதை மாணவரே தேர்ந்தெடுக்கிறார். ஏ1, பி1 எனக் குறியிடப்பட்ட, ‘ஸ்லாட்’ எனப்படும் நேரக்கட்டங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி அட்டவணையை முன்கூட்டியே வரைந்து வைத்துக்கொண்டு, பதிவு திறந்ததும் கணினித் திரையில் இடம்பிடிக்க வேண்டும். நல்ல ஆசிரியரின் வகுப்பு விரைவில் நிரம்பிவிடுவதால், மாற்று அட்டவணையும் கைவசம் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் ‘கிரெடிட்’ எனப்படும் மதிப்பலகு உண்டு. வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு 1, இரண்டு மணி நேர ஆய்வகத்துக்கு 1 என்பது பொதுக் கணக்கு. பி.டெக். பட்டத்துக்கு ஏறத்தாழ 160 மதிப்பலகுகள் தேவைப்படும். பதினெட்டு வயதில் தன் படிப்பைத் தானே திட்டமிடப் பழகுவது பாடநூல் தராத பயிற்சியாகும்.

பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்கள் அருகிலேயே இருப்பதால், விடுமுறைக்காலப் பயிற்சிக்கும் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கும் வாய்ப்பு எட்டும் தொலைவில் உள்ளது.

ஆனால் கட்டணம் கனமானது. தமிழக அரசின் பொறியியல் கலந்தாய்வில் இடம்பெறும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கிடைக்கும் கல்விக்கட்டணச் சலுகை, அக்கலந்தாய்வுக்கு வெளியே நடைபெறும் இச்சேர்க்கைகளுக்குப் பொருந்துவதில்லை. வங்கிக் கடனை நாடும் குடும்பமோ, தவணை படிப்பு முடிந்தபின் தொடங்கினாலும், வட்டி படிக்கும் காலத்திலேயே சேரத் தொடங்குகிறது என்பதைக் கையெழுத்திட்ட பிறகே பல நேரங்களில் அறிகிறது. சேர்க்கை அரங்கில் பாடப்பிரிவுகளை விளக்குவதற்கு ஒதுக்கப்படும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் இக்கணக்கை விளக்குவதற்கு ஒதுக்குவது அந்நிறுவனங்களின் கடமையாகும்.