மலாக்கா வரை வந்த சிலுவைப் போர்

மலாக்காவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், செயின்ட் பால் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கல்வாசலின் முன் ஒரு படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. போர்த்துகீசியர் கட்டிய ஃபமோசா கோட்டையின் வாசல் அது. பெயர், போர்த்தா டி சந்தியாகோ. நம் கத்தோலிக்க அன்பர்கள் சந்தியாகப்பர் என்று வணங்கும் அதே புனிதரின் பெயர்தான். ஸ்பெயினில் முஸ்லிம் அரசுகளோடு போரிட்ட கிறிஸ்தவப் படைகள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டிருந்தன. போர்க்களத்துப் பெயர் நம் கரைக்கு வந்தது எப்படி?

1095இல் போப் இரண்டாம் அர்பன், ஜெருசலத்தை மீட்கப் புறப்படும்படி ஐரோப்பியக் கிறிஸ்தவர்களை அழைத்தார். 1099இல் நகரைப் பிடித்த சிலுவைப் படையினர் முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தனர். 1187இல் சுல்தான் சலாஹுத்தீன் நகரை மீட்டபோது அத்தகைய படுகொலை நடக்கவில்லை. மீட்புப் பணம் கட்டியவர்கள் வெளியேறினர். கட்ட முடியாத பலர் அடிமைகளாயினர். 1291இல் ஏக்கர் நகரமும் வீழ்ந்தது. புனித பூமியில் சிலுவைப் போர் வீரர்களின் ஆட்சி அத்துடன் முடிந்தது.

ஆனால், போருக்காக உருவான அமைப்புகள் மறையவில்லை. ஜெருசலத்தில் தோன்றிய டெம்ப்ளர் வீரத் துறவியர் அணியை போப் 1312இல் கலைத்தார். போர்த்துகலில் இருந்த அதன் சொத்துகளோ, 1319இல் அமைந்த 'கிறிஸ்துவின் அணி' என்ற புதிய அமைப்பிடம் சேர்ந்தன. இளவரசர் ஹென்றி அதன் தலைவராக இருந்து, ஆப்பிரிக்கக் கரையோரக் கடற்பயணங்களுக்கு அதன் வருமானத்தைப் பயன்படுத்தினார். அந்த அணியின் சிவப்புச் சிலுவை போர்த்துகீசியக் கப்பல்களின் பாய்களில் ஏறியது.

பக்தியோடு மிளகும் கைகோத்திருந்தது. அக்காலத்தில் ஆசிய நறுமணப் பொருள்கள் எகிப்து வழியாகத்தான் வெனிஸை எட்டின. மலாக்காவைப் பிடித்தால் கெய்ரோவும் மக்காவும் வாணிபமிழந்து நொடிந்துவிடும் என்று தளபதி அல்புகர்க் தம் வீரர்களிடம் வாதிட்டதாக, அவருடைய மகன் தொகுத்த நூல் சொல்கிறது.

1511இல் மலாக்கா வீழ்ந்தது. சுல்தான் மஹ்மூத் ஷா வெளியேறினார். பள்ளிவாசலிலிருந்தும் அரச கல்லறைகளிலிருந்தும் பெயர்த்த கற்கள் கோட்டைச் சுவராயின. தமிழர்களும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. போர்த்துகீசிய ஏடுகள் நினா சத்து என்று குறிப்பிடும் இந்து வணிகர், பிடிபட்டிருந்த போர்த்துகீசியருக்கு முன்பே உதவியவர். வெற்றிக்குப் பின் அவருக்குப் பெண்டஹாரா பதவி கிடைத்தது.

வென்றவர்கள் நினைத்த லாபம் முழுமையாகக் கைகூடவில்லை. முஸ்லிம் வணிகர்கள் பலர் அச்சே போன்ற துறைமுகங்களுக்கு மாறினர். அச்சேயும் ஜொகூரும் மாறி மாறித் தாக்கின. 1641இல் டச்சுக்காரர் மலாக்காவைப் பிடித்தனர். பின்னர் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தபோது வாசல் மட்டும் தப்பியது.

ஜெருசலத்தில் மூண்ட பகையோடு எந்தத் தொடர்பும் இல்லாத மலாக்கா மக்கள், நானூறு ஆண்டுகள் கழித்து அதற்கு விலை கொடுத்தார்கள். அடுத்த முறை அந்த வாசலில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கும்போது, இந்தக் கதையையும் சொல்லுங்கள். பள்ளிவாசல் கல்லும் சந்தியாகப்பர் பெயரும் சேர்ந்த கோட்டை அது என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.