கரும்பலகை ஏன் மங்குகிறது?

கரும்பலகையை நோக்கிக் கண்ணைச் சுருக்கிப் புருவத்தை நெரிக்கும் சிறுவனைக் கவனமில்லாதவன் என்று உபாத்தியாயர் கடிந்துகொள்வதும், அவனோ எழுத்துத் தெரியாமல் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதி அதற்கும் ஒரு குட்டு வாங்குவதும் வெகுகாலமாக நடந்துவரும் காரியங்கள்தாம். மங்கலாகத் தெரிவதே உலகத்தின் சுபாவம் என்று நினைத்திருக்கும் குழந்தைக்குத் தன் பார்வையில் குறை உண்டென்று சொல்லத் தெரிவதில்லை.

பாடம் டேப்லெட்டிலும் வீட்டுப்பாடம் கைப்பேசியிலும் என்றாகிவிட்ட இந்நாளில், பழி முழுவதும் திரையின் ஒளிமேல் விழுகிறது. இந்த அபிப்பிராயம் பாதிதான் சரி. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுள்ள விழிக்கோளம், வளரும் பிராயத்தில் வேண்டிய அளவுக்கு மேல் பின்னோக்கி நீண்டுவிட, தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடுவதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் அதிகம் நீண்டாலே ஏறத்தாழ இரண்டரை 'பவர்' கண்ணாடி மூக்கில் ஏறிவிடும். திரையை முகத்தருகே பிடித்து மணிக்கணக்கில் பார்ப்பதும், அதன் பொருட்டுக் குழந்தை வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடப்பதுமே, ஒளியைவிடப் பெரிய குற்றவாளிகள். (அப்படிப் பிடித்துப் படித்தால் புத்தகமும் பரமசாதுவல்ல.) இமைக்க மறந்து திரையைப் பார்ப்பதால் வரும் எரிச்சலும் வறட்சியும் வேறு உபத்திரவம், கண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

வகுப்பறை வெளிச்சம் சில நூறு லக்ஸ். பகலின் வெட்டவெளியிலோ பத்தாயிரத்துக்கும் மேல். அந்தப் பிரகாசத்தில் விழித்திரையில் சுரக்கும் டோபமின் என்னும் ரசாயனம் விழியின் நீட்சிக்குக் கடிவாளமிடுகிறது என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து. சீனாவின் குவாங்சோ நகரில் 2010ஆம் ஆண்டு தொடங்கி மூன்று வருஷம் நடந்த பரிசோதனையில், பன்னிரண்டு ஆரம்பப் பள்ளிகளில் ஆறில் மட்டும், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினம் 40 நிமிஷம் வெளிப்புற வகுப்பு கூடுதலாக வைத்தார்கள். வேறு மருந்தில்லை, மாயமில்லை. மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வர, இங்கே அது 30.4 சதவீதமாக நின்றது. அதே 2010இல் தைவான் தன் பள்ளிகளில் தினம் 120 நிமிஷ வெளிவாசத்தை வற்புறுத்தத் தொடங்கியது. பார்வை குறைந்த ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளின் விகிதம், பத்தாண்டாக ஏறி 2011இல் 50 சதவீதத்தைத் தொட்டது, 2015இல் 46.1ஆக இறங்கியது. கற்பித்தல் நேரத்தில் மின்னணுச் சாதனங்களின் பங்கு 30 சதவீதத்தைத் தாண்டலாகாது என்று 2018இல் சீனா விதித்தது நல்லதே. ஆயினும், டேப்லெட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு விளையாட்டுப் பீரியடில் கணக்குப் போடவைக்கும் பள்ளி அரைவைத்தியம்தான் செய்கிறது என்பேன்.

நீண்டுவிட்ட விழி மறுபடி குறுகுவதில்லை. ஆகையால் முந்திக்கொள்வதே உசிதம். சாலையில் தூரத்தே வரும் பேருந்தின் பலகையை நீங்கள் வாசித்த பிறகும் உங்கள் குழந்தை வாசிக்கத் தடுமாறினால், கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற வீட்டுப் பேச்சைக் கேட்டுத் தயங்காமல், இந்த வாரமே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.