கப்பலில் வந்தவர்கள் கற்பிக்கும் பாடம்

"நடந்ததை மறந்துவிடு" என்று சொல்வது எளிது. ஆனால் எதை மறப்பது, எதை வைத்துக்கொள்வது? இக்கேள்விக்கு விடை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் வடசென்னையிலேயே அது இருக்கிறது.

ஆங்கிலேயர் காலத்தில் தமிழர் பலர் பிழைப்புக்காகப் பர்மா சென்று, அங்கே வீடும் கடையும் நிலமும் தேடிக்கொண்டனர். இன்று மியான்மார் எனப்படும் அந்நாட்டில், 1962-ஆம் ஆண்டு தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964-இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. பலருடைய சேமிப்பு வெறும் காகிதமாயிற்று. பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. நகையையும் பணத்தையும் விருப்பம்போல் கொண்டுவர அவர்களுக்கு அனுமதி இல்லை. அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கோ தமிழகம் முற்றிலும் புதிய ஊர்.

அவர்கள் துயரப்படவில்லை என்று நாம் எண்ணலாகாது. இரங்கூனை நினைத்து அழாத வீடு இருந்திருக்குமா? ஆயினும் வாழ்க்கையை நிறுத்திவிடவில்லை. வியாசர்பாடி, எண்ணூர்ப் பர்மா நகர் போன்ற இடங்களில் குடியேறினர். துறைமுகத்தை அடுத்த சாலையோரத்தில் கடை விரித்தனர். 1969-இல் பர்மா பஜார் உருவாயிற்று. தாயகம் திரும்பியோருக்கு உதவ அதே ஆண்டில் ரெப்கோ கூட்டுறவு வங்கியும் தோன்றியது. நீட்டிய உதவிக்கரத்தைப் பற்றிக்கொள்வதும் முன்னேற்றத்தின் ஒரு பகுதியே அல்லவா?

திரும்பக் கிடைக்காத சொத்தை அவர்கள் விட்டார்கள். கற்ற தொழிலையும் கைப்பக்குவத்தையும் விடவில்லை. நூடுல்ஸுடன் முட்டைக்கோசு, வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசைந்து தரும் அத்தோவும், வாழைத்தண்டு இட்டுக் காய்ச்சும் மொய்ங்காவும் அவ்வாறு வந்தவையே. பழைய ஊரின் சுவையே புதிய ஊரில் பிழைக்கும் வழியாயிற்று.

நமக்கும் இழப்புகள் உண்டு. குறைந்துபோன மதிப்பெண், பேச்சை நிறுத்திக்கொண்ட தோழி, கடலுக்குப் போய்த் திரும்பாத தந்தை. இவையெல்லாம் ஒரே அளவின அல்ல. மதிப்பெண் தந்த வருத்தம் ஒரு வாரத்தில் தீரும். தந்தையின் பிரிவு ஆற ஆண்டுகள் பல ஆகும். அத்தகைய துயரில் இருப்பவளை "மறந்துவிடு" என்று நாம் அவசரப்படுத்தலாகாது. அவள் அருகில் அமர்ந்திருப்பதே போதும்.

ஆகவே தோழியரே, நம் கையை விட்டுப் போனது எது, இன்னும் கையில் இருப்பது எது என்று பிரித்தறிவோம். போனதற்காக வேண்டுமட்டும் அழுவோம். பின்னர் இருப்பதைக் கொண்டு நாளைய வேலையைத் தொடங்குவோம்.