கால்வாயைக் கடந்த ஆரத்தி சாகா

உலக வரைபடத்தில் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே மெல்லிய நீலக்கோடு ஒன்று தெரியும். அதுவே ஆங்கிலக் கால்வாய். மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 34 கிலோமீட்டர். ஆனால், 1959 ஆம் ஆண்டு அதனைக் கடந்த இந்தியப் பெண் ஒருவர் ஏறத்தாழ 67 கிலோமீட்டர் நீந்த வேண்டியிருந்தது. தொலைவு எவ்வாறு இருமடங்காயிற்று?

படித்துறையில் தொடக்கம்

ஆரத்தி சாகா 1940 செப்டம்பர் 24 அன்று கல்கத்தாவில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். நீராடச் சென்ற படித்துறையே அவருக்கு முதல் நீச்சல் பள்ளியாயிற்று. அவருடைய ஆர்வத்தைக் கண்ட தந்தை, அவரை நீச்சல் கழகத்தில் சேர்த்தார். 1951 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற சச்சின் நாக் அவருக்குப் பயிற்சியளித்தார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் மார்பு நீச்சலில் பங்கேற்றபோது ஆரத்தியின் வயது 11.

கால்வாயின் இயல்பு

ஆங்கிலக் கால்வாயின் நீர் கோடையிலும் குளிர்ந்திருக்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அங்கு ஓதத்தின் திசை மாறும். அது நீந்துபவரை முதலில் ஒருபுறமும், பின்னர் மறுபுறமும் இழுத்துச் செல்லும். ஆகவே, எவராலும் நேர்கோட்டில் நீந்த இயலாது. வளைந்தே செல்ல நேரும். துணைக்கு வரும் படகிலிருந்து உணவு பெறலாம். படகைப் பற்றி இளைப்பாறுதல் கூடாது.

இரு முயற்சிகள்

1959 ஆகஸ்ட் 27 அன்று ஆரத்தி முதன்முறை முயன்றார். வழிகாட்டும் படகு தாமதமாக வந்தது. இங்கிலாந்துக் கரையை நெருங்கிய வேளையில் நீரோட்டம் எதிர்த்தது. பல மணி நேரம் போராடியும் சிறிது தொலைவே முன்னேற முடிந்தது. படகோட்டியின் வற்புறுத்தலால் முயற்சியைக் கைவிட்டார்.

அவர் ஊர் திரும்பவில்லை. 33 நாள்கள் கழித்து, செப்டம்பர் 29 அன்று, பிரான்சின் கிரி நே முனையிலிருந்து மீண்டும் நீந்தினார். 16 மணி 20 நிமிடம் நீந்தி இங்கிலாந்தின் சாண்ட்கேட் கரையை அடைந்து, இந்தியக் கொடியை ஏற்றினார். ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. அப்போது அவருக்கு 19 வயது நிறைந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன.

1960 ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் இந்திய விளையாட்டு வீராங்கனையும் அவரே. 1994 இல் மறைந்தார். 1999 இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

வரைபடம் கரைகளுக்கு இடையேயுள்ள தொலைவை மட்டுமே காட்டும். இடையில் ஓடும் ஓதத்தை நீந்துபவரே அறிவார்.

சொற்பொருள்

ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
படித்துறை – நீர்நிலையில் இறங்குவதற்குரிய படிகள் உள்ள இடம்
இளைப்பாறுதல் – களைப்பு நீங்க ஓய்வெடுத்தல்

வினாக்கள்

1. நீந்துபவர் ஆங்கிலக் கால்வாயை நேர்கோட்டில் கடக்க இயலாதது ஏன்?
2. ஆரத்தியின் முதல் முயற்சி நிறைவேறாமைக்குரிய காரணங்கள் யாவை?
3. முதல் முயற்சிக்குப் பின் ஆரத்தி ஊர் திரும்பாதது குறித்து உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.