டிராகன் சேர்க்கும் போர்டு கேம்... டிரம்ப் வரியில் சிக்கியது எப்படி?

குகையைத் தோண்டணும், டிராகனை வரவழைக்கணும், முட்டை சேர்க்கணும். 'வெர்ம்ஸ்பேன்' என்ற போர்டு கேமை சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். 2024-ல் இதை வெளியிட்டது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள ஸ்டோன்மையர் கேம்ஸ் நிறுவனம். ஆனால் அடுத்த வருஷமே, 2025 ஏப்ரலில், அதே நிறுவனம் சொந்த நாட்டு அரசின் மீதே வழக்குப் போட்டது. கற்பனை டிராகனுக்கும் இறக்குமதி வரிக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

முதலில், அது என்ன கேம்?

இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறது. 2019-ல் எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கிய 'விங்ஸ்பேன்'. பறவைகளைச் சேர்க்கும் அந்த கேம், போர்டு கேம் உலகின் பெரிய கௌரவமான ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் விருதை அந்த ஆண்டே வாங்கியது. அதே அடிப்படையை எடுத்துக்கொண்டு, பறவைக்குப் பதில் டிராகனை வைத்து கோனி வோகல்மேன் வடிவமைத்ததுதான் வெர்ம்ஸ்பேன். படத்தை மட்டும் மாற்றி விற்கிற வேலை இல்லை இது. உள்ளே விதிகளே நிறைய மாறியிருக்கின்றன.

ஒருவர் தனியாகவும் ஆடலாம், ஐந்து பேர் வரை சேர்ந்தும் ஆடலாம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பலகை, அதில் மூன்று குகைகள். ஒரு குகைக்கு நான்கு டிராகன் வீதம் மொத்தம் 12 இடம். பறவை கேமில் கூடு தயாராகவே இருக்கும், பறவையைக் கொண்டுவந்து வைத்தால் போதும். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களை முதலில் நீங்களே தோண்டணும். அதற்குத் தனியாக 75 குகை கார்டுகள். ஒவ்வொரு முறை தோண்டும்போதும் அந்த கார்டு ஏதாவது ஒரு லாபம் தரும். வீடு கட்டக் குழி தோண்டும்போது புதையல் கிடைக்கிற மாதிரி.

இடம் ரெடியானதும் டிராகனை அழைக்கலாம். 183 டிராகன் கார்டுகள் இருக்கின்றன. சும்மா கூப்பிட்டால் வராது. இறைச்சி, தங்கம், படிகம், பால் என ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பால் குட்டி டிராகன்களுக்கு! கூச்ச சுபாவம், முரட்டு சுபாவம், விளையாட்டுக் குணம், உதவும் குணம் என்று டிராகன்களுக்கு ஆளுக்கொரு குணமும் உண்டு. மூன்றாவது வேலை, குகைக்குள் பயணம் போவது. எத்தனை டிராகன் குடியேறியிருக்கிறதோ அத்தனை தூரம் உள்ளே போகலாம். போகிற வழியெல்லாம் வருமானம்.

சரி, இதில் மூளைக்கு என்ன வேலை?

காசுதான் சிக்கல். மொத்தம் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் உங்களுக்குக் கிடைப்பது 6 நாணயம். தோண்டினாலும், அழைத்தாலும், பயணம் போனாலும் ஒரு நாணயம் காலி. கணக்குப் போட்டால் முழு ஆட்டத்துக்கும் 24 வேலைதான். கூடுதல் நாணயம் சம்பாதித்தால்தான் அதற்கு மேல். அதே சுற்றில் அதே குகைக்கு மறுபடி போகணுமா? முட்டையும் கொடுக்கணும். அந்த முட்டைகளோ கடைசியில் புள்ளிகளாக மாறக்கூடியவை. இப்போது செலவு செய்வதா, கடைசிவரை சேர்த்து வைப்பதா? சம்பளக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பழக்கமானது.

யாரும் யாரையும் அடிப்பதில்லை, ஒருவருடைய டிராகனை மற்றவர் கொல்வதில்லை. அதனாலேயே சிலருக்கு இது 'சப்பென்று' தோன்றலாம். ஆனால் முதல் சுற்றில் தட்டுத்தடுமாறி ஒரு குகை தோண்டியவர், நான்காவது சுற்றில் ஒரே பயணத்தில் அள்ளிக்கொண்டு வரும்போது கிடைக்கிற திருப்தி வேற லெவல்.

வரி எங்கே வந்தது?

மேலே சொன்ன பொருட்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். இரண்டு வகை கார்டுகள், பலகைகள், முட்டைகள், நாணயங்கள். ஒவ்வொன்றும் இந்த கேமுக்கென்றே தனியாகச் செய்தவை. இத்தனையையும் செய்து, ஒரே பெட்டியில் அடுக்கித் தருகிற தொழிற்சாலைகள் பெரும்பாலும் சீனாவில்தான் இருக்கின்றன. ஸ்டோன்மையரின் கேம்களும் அங்கேதான் தயாராகின்றன. அமெரிக்காவிலேயே செய்யலாமே என்றால், இந்த அளவில் செய்கிற வசதி அங்கே இல்லை என்பதுதான் அந்தத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது.

2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான புதிய வரியை அதிபர் டிரம்ப் படிப்படியாக 145% வரை உயர்த்தினார். அதாவது சீனாவில் 10 டாலருக்குத் தயாரான பெட்டி அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது 14.50 டாலர் வரி. பொருளின் விலையைவிட வரி அதிகம்! இதைக் கட்டுவது சீனா இல்லை, இறக்குமதி செய்கிற அமெரிக்க நிறுவனம். அதுவும் ஒரு பெட்டிகூட விற்பதற்கு முன்னாலேயே கட்டணும். வரவிருக்கும் சரக்குக்கு மட்டும் கிட்டத்தட்ட 15 லட்சம் டாலர், நம்ம ஊர் கணக்கில் 12 கோடி ரூபாய்க்கும் மேல், வரி கட்ட வேண்டியிருக்கும் என்று ஸ்டோன்மையரின் இணை நிறுவனர் ஜேமி ஸ்டெக்மையர் வெளிப்படையாக எழுதினார்.

அவருக்கு மட்டும் வந்த பிரச்னை இல்லை. வரி 54% ஆக இருந்தபோதே, 3 டாலரில் தயாரித்த பொருளுக்கு இனி 4.62 டாலர் ஆகும் என்று ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் கணக்குக் காட்டியது. 'ஸ்பிரிட் ஐலேண்ட்' கேமால் பிரபலமான கிரேட்டர் தேன் கேம்ஸ் நிறுவனத்தில் ஏப்ரலிலேயே ஆட்குறைப்பு நடந்தது. அதன் தாய் நிறுவனம் காரணமாகக் காட்டியதும் இதே வரியைத்தான்.

வழக்கு என்ன ஆச்சு?

பசிபிக் லீகல் ஃபவுண்டேஷன் என்ற சட்ட அமைப்பின் உதவியோடு, ஆடை நிறுவனமான பிரின்சஸ் ஆசம் உள்ளிட்ட சில சிறு நிறுவனங்களுடன் சேர்ந்து ஸ்டோன்மையர் நீதிமன்றம் போனது. வாதம் எளிமையானது. வரி போடும் அதிகாரம் அரசியல் சாசனப்படி நாடாளுமன்றத்துக்குத்தான். 1977-ம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் தன்னிச்சையாக வரி போட முடியாது என்றார்கள்.

இடையில் மே மாதம் அமெரிக்காவும் சீனாவும் பேசியதில் 145% என்பது 30% ஆக இறங்கியது. நிறுவனங்கள் மூச்சு விட்டன, ஆனால் 30% என்பதும் சின்னத் தொகை இல்லை. இதே கேள்வியை எழுப்பிய வேறொரு வழக்கில், மே 28-ம் தேதி சர்வதேச வர்த்தக நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் 7-க்கு 4 என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. ஆனாலும் மேல்முறையீட்டால் வரி வசூல் நிற்கவில்லை. நவம்பர் 5-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. அங்கே வழக்காடிய நிறுவனங்களில் ஒன்று, குழந்தைகளுக்கான கல்வி பொம்மைகள் செய்யும் லேர்னிங் ரிசோர்சஸ். அன்று தீர்ப்பு வரவில்லை. அந்த நேரத்தில் டிராகன் பெட்டிகள் துறைமுகத்தில் வரி கட்டித்தான் வெளியே வந்தன.