கிரிஃபினும் அது கிடந்த மண்ணும்

கழுகின் தலையும் சிறகும், அரிமாவின் உடலும் ஒன்றிய கற்பனை விலங்கு கிரிஃபின். செருக்குற்றோரை ஒறுக்கும் நெமிசிசு என்னும் பெண்தெய்வத்துக்கு உரியதாகக் கிரேக்கரும் உரோமரும் அதைக் கொண்டனர். 2010 மே மாதம், இங்கிலாந்தின் கம்பிரியாப் பகுதியில், கிராசுபி காரெட் என்னும் சிற்றூர்ப்புறத்தில் ஒருவர் மாழையுணர் கருவியால் நிலத்தைத் துழாவினார். உரோமக் குதிரைவீரன் ஒருவனின் தலைக்காப்பும் முகக்காப்பும் வெளிப்பட்டன. தலைக்காப்பு பல துண்டுகளாய் நொறுங்கியிருந்தது. அதன் உச்சியில் ஒருகாலத்தில் நின்ற கிரிஃபின் உருவும் உடன் கிடைத்தது. முன்காலொன்றைத் தூக்கிச் சாடியின்மேல் ஊன்றிய சிற்றுரு அது. கண்டவர் இவற்றை முதலில் விக்டோரியா அரசியார் காலத்து அழகுப்பொருள் என்றே எண்ணினாராம்.

கருவியின் இயக்கம் எளியது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயக் காந்தப்புலம் எழுந்து மண்ணுள் நுழைகிறது. வழியிலுள்ள செம்போ வெள்ளியோ அப்புலத்தால் தூண்டப்பட்டுத் தன்னுள் சுழல் மின்னோட்டம் கொள்கிறது. அவ்வோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக்குகிறது. மாழை இருப்பதை அது சொல்லும். பக்கத்துக் கல்லடுக்கையும் மண்ணின் நிறமாற்றத்தையும் அது அறியாது.

மாழைக் கலவையோ நிறையச் சொல்கிறது. தலைக்காப்பில் நூற்றுக்கு 82 பங்கு செம்பு, 10 பங்கு துத்தநாகம், 8 பங்கு வெள்ளீயம். பழம்பித்தளையை உருக்கி வெள்ளீயம் சேர்த்திருக்க வேண்டும். கிரிஃபினில் செம்பு 68, வெள்ளீயம் 18, காரீயம் 10, துத்தநாகம் 4. காரீயம் மிகுந்தால் உருகிய குழம்பு இளகி ஓடி அச்சின் நுண்பள்ளங்களை நிரப்பும். ஆனால் அத்தகைய கலவை சுத்தியலடிக்குப் பிளந்துவிடும். வார்ப்புச் சிற்றுருவுக்கு அது குறையே அன்று. ஆக, விலங்கைத் தனியே வார்த்துப் பின்னர் உச்சியில் பொருத்தினர். முகக்காப்பில் வெள்ளீயப் பூச்சின் சுவடும் உண்டு: வெள்ளிபோல் ஒளிரும் முகம், பொன்போல் மின்னும் தலை. போருக்கன்று, குதிரைப்படையின் அணிவிளையாட்டுக்கு அமைந்த ஒப்பனை இது. வண்ணத்தையே முன்னெண்ணி உலைக்களத்தில் கலவை வகுத்த கைவினைஞனின் அறிவு வியப்புக்குரியது.

இத்தனை அரிய பொருளை முறையாக ஆராயும் முன்பே துண்டுகளை ஒட்டிச் சீரமைத்து விற்பனைக்கு வைத்தனர். ஒட்டுப்பசைக்கு அடியில் எத்தனை சான்றுகள் மறைந்தனவோ! அவ்வாண்டு அக்டோபரில் கிறித்தீசு ஏலக்கூடத்தில் அது ஏறத்தாழ 22.8 இலட்சம் பவுண்டுக்குப் போயிற்று. கார்லைல் நகரின் தல்லி மனை அருங்காட்சியகம் பொதுமக்களிடம் பொருள் திரட்டியும் எட்டமுடியாத விலை. பெயர் வெளியிடாத ஒருவர் கைக்கொண்டார்.

இதில் சட்டமீறல் ஏதுமில்லை என்பதே வருத்தத்துக்குரியது. 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டம் பெரும்பாலும் பொன்னையும் வெள்ளியையும் கருதி எழுந்தது. தனியாய்க் கிடைத்த உரோம வெண்கலம் அதன் வரம்புக்குள் வரவில்லை. 2023இல்தான் வரையறை விரிந்தது. 200 ஆண்டைக் கடந்த, வரலாற்றுச் சிறப்பு மிக்க மாழைப்பொருள் எதுவாயினும் புதையலாகக் கொள்ள இப்போது இடமுண்டு. கிராசுபி காரெட்டுக்கு அது 13 ஆண்டு பிந்தி வந்த திருத்தம்.